புழுக்காவும் கால்வாய்க்கரைக் கொடியும்

அந்தத் தோட்டத்தில் எல்லாரும் அவளைப் புழுக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். புழுவையும் அக்காவையும் ஒட்டி யாரோ வைத்த பெயர். வைத்தபோது கேலிதான், போகப் போகக் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்து வந்த ஒருவரை, "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று வாசல் காவலாளி திருப்பி அனுப்பியதும் உண்டு.

உலாவப் போகிற தோட்டம் இல்லை அது. அழியும் நிலையில் உள்ள செடிகளைக் கொண்டுவந்து வளர்த்து, விதை எடுத்து, நாற்றாக்கித் திரும்பக் காட்டுக்கு அனுப்பும் இடம். ஐந்து கண்ணாடி வீடுகள். மூன்றாவதன் நடுவில், கம்பி வேலிக்குள், ஆள் உயரத்தில் இரண்டு புதர்ச்செடிகள் நின்றன. வருடம் முழுக்கப் பார்த்தாலும் அவற்றில் ஒரு விசேஷமும் தெரியாது. ஏழெட்டு நாள் மட்டும், பொழுது சாயும் நேரத்தில், வெள்ளைப் பூக்கள் விரியும். ஒவ்வொரு பூவும் அரைச் சாணுக்கு மேல் நீண்ட மெல்லிய குழல். தேன் அதன் அடியில். தேனீயால் அவ்வளவு தூரம் எட்ட முடியாது. பகலில் வரும் வண்ணத்துப்பூச்சிக்கும் எட்டாது. மகரந்தமும் குழலுக்குள்ளேயே இருந்ததால் மனிதர்கள் தூரிகை விட்டும் பார்த்தார்கள், குழலைக் கீறியும் பார்த்தார்கள். தொட்ட பூ மறுநாளே உதிர்ந்தது.

அதற்கென்று ஒரு அந்துப்பூச்சி இருந்தது. சிறகை விரித்தால் உள்ளங்கை கொள்ளாது. சாம்பல் நிறம், வயிற்றில் ரோஜா நிறப் பட்டைகள், உடம்பைவிட நீளமான நாக்கு. வேலை இல்லாத நேரத்தில் அந்த நாக்கைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். பூவின் முன்னால் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நாக்கை நீட்டிக் குடிக்கும். ஒரு செடியில் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்போது மகரந்தமும் கூடவே போகும். அப்படிப் போனால்தான் காய்.

ஆனால் அந்துப்பூச்சி பூவில் பிறப்பதில்லை. அதன் புழு தின்பது முற்றிலும் வேறொரு கொடியை. காலையில் ஊதா நிறத்தில் பூத்து வெயில் ஏறியதும் சுருங்கிப்போகும், வாய்க்கால் ஓரமெல்லாம் படரும், எல்லாரும் களை என்று பிடுங்கி எறியும் கொடி. அந்தக் கொடியின் இலை இல்லாவிட்டால் புழு இல்லை. புழு இல்லாவிட்டால் அந்தி நேரத்தில் பூவைத் தேடி வர யாரும் இல்லை. அந்தப் புதர்ச்செடிகள் முன்பு வளர்ந்த காட்டில் நடந்தது அதுதான். செடிகளை யாரும் வெட்டவில்லை. சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று கொடியை அழித்தார்கள். பிறகு இருபது வருடம் பூத்துக்கொண்டே இருந்தும் ஒரு காய்கூட இல்லை.

புழுக்கா அங்கே முதலில் தரை கூட்டத்தான் வந்தாள். கல்யாணமாகி மூன்றாம் வருடமே புருஷனை விபத்தில் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்திருந்த சமயம். ஒருநாள் தொட்டி ஒன்றின் விளிம்பில் விரல் பருமனில், வாலில் கொம்போடு ஒரு பச்சைப் புழு ஊர்ந்ததைப் பார்த்து இரண்டு பேர் அலறினார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். இவள் முறத்தில் அதை ஏந்திக்கொண்டாள். "இருங்க, இருங்க. இது எதையோ தின்னுட்டுத்தானே இவ்ளோ கொழுத்திருக்கு? எதைன்னு பாப்போம்" என்று சுற்றுமுற்றும் தேடி, ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்திருந்த கொடியையும் கண்டுபிடித்தாள். பிஸ்கட் டப்பாவில் மண் போட்டு, தினமும் அந்த இலையைப் பறித்து வந்து கொடுத்தாள். புழு ஒருநாள் மண்ணுக்குள் போய்விட்டது. செத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். பதினெட்டாம் நாள் டப்பாவுக்குள் ஏதோ படபடத்தது.

தோட்டத்தின் பொறுப்பாளர் அப்போது நாற்பது வயதைத் தொட்டிருந்த பெண்மணி. கோபம் வந்தாலும் குரல் உயராது. அவர் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினார். இரண்டு வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த பூச்சி அது. அடுத்த வாரம் புழுக்காவின் கையிலிருந்த துடைப்பம் வேறொருவரிடம் போனது.

அதிலிருந்து பதினான்கு வருடம். கண்ணாடி வீட்டின் பின்பக்கம் வளர்ப்பு அறை. வலை போட்ட பெட்டிகள் நாற்பது. விடியற்காலையில் கால்வாய்க்கரைக்குப் போய் இரண்டு சாக்கு நிறையக் கொடி அறுத்து வருவாள். இலை கழுவ ஓர் அம்மா இருந்தார், இவளைவிட நாலைந்து வயது மூத்தவர், காது சற்று மந்தம். அவர் மூன்று தொட்டித் தண்ணீரில் அலசி, உதறி, துணியில் பரப்பித் தருவார். இவள் பெட்டி பெட்டியாக வைப்பாள். வைக்கும்போது புழுக்களிடம் பேசுவாள். "என்ன, ரெண்டு நாளா தட்டுல மிச்சம் வைக்கிற? உன் மாமியார் வீடா இது?" என்பாள். தோல் உரிக்கும் புழுவைத் தொடவே விடமாட்டாள். "சட்டை மாத்துது, கதவைச் சாத்துங்க" என்று பொறுப்பாளரையே வெளியே அனுப்பியிருக்கிறாள்.

இந்தப் பதினான்கு வருடத்தில் அந்தப் புதர்களில் மொத்தம் ஒன்பது காய்கள் பிடித்தன. இவள் வளர்த்த பூச்சிகளால் வந்தவை எல்லாம்.

தம்பி அவளைவிட எட்டு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு ஏழு. அவனுக்குத் தலை வாரியதிலிருந்து வேலை கிடைத்த அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டதுவரை எல்லாம் இவள்தான். நகரச் சுகாதாரப் பிரிவில் கொசுப்புகை அடிக்கும் வண்டியில் அவனுக்கு வேலை. வண்டியின் பின்னால் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவான். பிள்ளைகள் புகைக்குள் ஓடிவந்து கத்துவார்கள். அவன் கையசைப்பான். அந்த வேலையில் அவனுக்கு ஒரு மிடுக்கு இருந்தது.

நாலைந்து வருடத்தில் இருமல் வந்தது. முதலில் குளிர்காலத்தில் மட்டும். பிறகு எல்லாக் காலத்திலும். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு புழுக்கா படுத்திருப்பாள். "டாக்டர்கிட்ட போடா" என்றால், "போறேன், போறேன்" என்பான். போகமாட்டான். அவன் மனைவி சொல்லியும் பார்த்துவிட்டாள்.

ஒருநாள் புழுக்கா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நேராகத் தம்பியின் மேற்பார்வையாளரைப் பார்க்கப் போனாள். தம்பியிடம் சொல்லவில்லை. அவர் மேஜையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும், "ஐயா, அவனுக்கு நெஞ்சு சரியில்லைங்க. புகையில நிக்க வேணாம். வேற ஏதாவது வேலை பாத்துக் குடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவரும் தலையாட்டினார்.

அடுத்த திங்கள்கிழமை தம்பியை வண்டியிலிருந்து இறக்கினார்கள். கொடுத்த வேலை, முதுகில் பம்பு மாட்டிக்கொண்டு தெருவோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் களைக்கு மருந்து அடிப்பது. புகை இல்லைதான். ஆனால் தனி ஆள், வெயில், இருபது லிட்டர் சுமை. மருந்து வாசம் சட்டையில் மட்டுமல்ல, சோற்றிலும் அடித்தது. கூட வேலை செய்தவர்கள் அவனுக்கு "அக்கா செல்லம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். கடக்கும்போதெல்லாம், "என்னப்பா, அக்கா பால் காய்ச்சிக் குடுத்தாங்களா?" என்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"யாரைக் கேட்டுப் போன?"

"உனக்கு நல்லதுன்னுதான்டா..."

"நான் என்ன சின்னக் குழந்தையா? பத்துப் பேர் முன்னாடி அழுதியாமே. என் மானம் கப்பலேறிப் போச்சு. இனிமே என் விஷயத்துல நீ தலையிடாத. என்கூடப் பேசவும் பேசாத."

அவன் சொன்னதைச் செய்தான். ஒரே வீடு, ஒரே சமையலறை, ஆனால் அக்காவுக்கு முகம் கொடுக்கவில்லை. எல்லாம் அவன் மனைவி வழியாகத்தான். "தண்ணி மோட்டார் போட்டாச்சான்னு கேளு" என்பான், அக்கா மூன்றடி தள்ளி நிற்கும்போது. "போட்டாச்சுன்னு சொல்லு" என்பாள் இவள். நடுவில் நின்ற மனைவி, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? என்னை ஏன் தபால்காரி ஆக்குறீங்க?" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போவாள். முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு மாதம் போனதும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த வருடம் புதர்ச்செடிகள் இரண்டிலும் மொட்டு நன்றாக வைத்திருந்தது. ஒன்றில் பத்தொன்பது, இன்னொன்றில் பதினொன்று. மூன்று வாரத்தில் பூக்கும் என்று பொறுப்பாளர் கணக்குப் போட்டார். புழுக்கா பெட்டிகளில் இருநூற்றுப் பதினேழு புழுக்களை வளர்த்து வைத்திருந்தாள். முந்தி பொரித்த பதினான்கு மட்டும் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகியிருந்தன. மற்றவை இன்னும் ஐந்தாறு நாளில் போயிருக்கும். அந்தக் கடைசி நாட்களில்தான் அவை பேய்த்தீனி தின்னும்.

வெள்ளிக்கிழமை காலை கால்வாய்க்கரைக்குப் போனாள். இரவில் தூறியிருந்தது. இலையெல்லாம் அலசிவிட்டாற்போலப் பளபளவென்று இருந்தது. இன்றைக்குக் கழுவும் அம்மாவுக்கு வேலை குறைவு என்று நினைத்துக்கொண்டாள். எப்போதும் ஒரு கொத்தை முகர்ந்து பார்த்துத்தான் சாக்கில் போடுவாள். அன்றைக்கும் முகர்ந்தாள். மழை வாசம்தான் வந்தது.

மதியத்துக்குள் பெட்டிகளில் இலை பாதி தீர்ந்திருந்தது. சாயங்காலம் ஒரு பெட்டியில் ஐந்தாறு புழுக்கள் தலையைத் தூக்கி அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டிருந்தன. மண்ணுக்குப் போகும் நேரம் வந்ததும் அப்படித்தான் அலையும் என்று விட்டுவிட்டாள். சனிக்கிழமை காலை அறையைத் திறந்தபோது முதலில் தெரிந்தது அமைதி. இருநூறு புழுக்கள் இலை தின்றால் மெல்லிய தூறல் போல ஒரு சத்தம் இருக்கும். பதினான்கு வருடமாகக் கதவைத் திறந்ததும் கேட்ட சத்தம். அது இல்லை. புழுக்கள் பெட்டியின் அடியில் சுருண்டு கிடந்தன. சில வாயில் பச்சையாகக் கக்கியிருந்தன. சில இன்னும் காம்பைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. தொட்டதும் தண்ணீர்ப் பை மாதிரி விழுந்தன. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தாள். அப்படி ஊதினால் என்ன ஆகும் என்று அவளுக்கே தெரியாது.

மதியத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பொறுப்பாளர் வந்து பெட்டி பெட்டியாகப் பார்த்தார். மிச்ச இலையை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்தார். "எங்க பறிச்சீங்க?"

"எப்பவும் பறிக்கிற இடம்தான் மேடம். கால்வாய்க்கரை."

"அங்க மருந்து அடிக்க மாட்டாங்க. நகர அலுவலகத்துல எழுத்துல வாங்கியிருக்கோம். பாலத்துலருந்து மதகுவரை தொடக் கூடாதுன்னு." அவர் கழுவும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க தொட்டியை எதுல கழுவுனீங்க?"

அந்த அம்மாவுக்குத் தொட்டி, கழுவுவது என்ற இரண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பதும் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. "தரைக்குப் போடுற லோஷன்... வியாழக்கிழமை தொட்டிக்குக் கொஞ்சம் போட்டுத் தேய்ச்சேன். அப்புறம் நல்லா அலம்பிட்டேன்மா. அலம்பினேன்னுதான் நினைக்கிறேன்."

அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புழுக்கா தனியாகக் கால்வாய்க்கரைக்குப் போனாள். பாலத்திலிருந்து மதகுவரை கொடியின் நுனிகள் சுருள ஆரம்பித்திருந்தன. இலை நரம்போரம் வெளிறியிருந்தது. வேரோரம் குனிந்து முகர்ந்தாள். தம்பி சட்டையில் அடிக்கும் அதே வாசம், கூடவே இன்னொன்று, இன்னும் காரமாக. எதிர்வரிசை வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "என்னக்கா, கொடி போச்சேன்னு பாக்குறீங்களா? நாங்கதான் எழுதிக் குடுத்தோம். கம்பளிப்பூச்சி சுவரேறி வீட்டுக்குள்ள வருது, பிள்ளைக்கெல்லாம் அரிப்பு. களை மருந்தோட புழு மருந்தும் கலந்து அடிச்சாங்க, வியாழக்கிழமை சாயங்காலம்" என்றாள்.

"யாரு அடிச்சது?"

"பேரு தெரியாது. பாவம், பாதி நேரம் இருமிக்கிட்டே இருந்தாரு. தண்ணி குடுத்தேன்."

இந்தக் கரை யாருக்குத் தெரியாவிட்டாலும் தம்பிக்குத் தெரியும். மழைக்காலத்தில் எத்தனையோ தடவை அவள் சாக்கைத் தன் சைக்கிளில் தூக்கி வைத்துத் தோட்டத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டவன் அவன்.

திங்கள்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. கழுவும் அம்மாவை வளர்ப்பு அறையிலிருந்து மாற்றி, பார்வையாளர் கழிப்பறை சுத்தம் செய்யப் போட்டார்கள். புழுக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மா போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பிள்ளைங்களை நான் கொன்னுட்டேனே" என்று அழுதார். சொன்னால் தம்பிக்கு வேலை போய்விடும். சொல்லாவிட்டால் இந்த அம்மா சாகிறவரை இதையே நினைத்துக்கொண்டிருப்பார். செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. அன்று மதியம் தண்ணீர் குடிக்கப் போன இடத்தில், அந்த அம்மா குழாயடியில் உட்கார்ந்து வாளி ஒன்றை ஏழெட்டுத் தடவை அலம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். காலி வாளி. ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் அலம்பினார்.

அன்று சாயங்காலம் தம்பி வேலை முடிந்து வந்து முகம் கழுவும்போது புழுக்கா பின்கட்டுக்குப் போய் அவனெதிரில் நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசியது அன்றுதான்.

"வியாழக்கிழமை கால்வாய்க்கரையில அடிச்சது நீதானே?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அது நான் பறிக்கிற இடம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மேற்பார்வையாளர் அடின்னாரு. அங்க அடிக்கக் கூடாதுன்னு கடுதாசி இருக்கேன்னு நான் சொன்னேன். 'நீ உன் அக்காவுக்கு வேலை பாக்குறியா, எனக்கு வேலை பாக்குறியா'ன்னு எல்லாரும் இருக்கும்போது கேட்டாரு. சிரிச்சானுங்க." அவன் இருமினான். இருமல் நின்றதும், "அடிச்சேன். வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன். சத்தியமா நினைச்சேன். நீ அடுப்புகிட்ட நின்னுட்டிருந்த. வாய் வரல" என்றான்.

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா. தினமும் அவகிட்டதானே எல்லாத்தையும் சொல்லி அனுப்புற?"

"வாசம் பாத்துத்தானே பறிப்ப. கண்டுபிடிச்சிடுவேன்னு நினைச்சேன்." பிறகு, தரையைப் பார்த்தபடி, "கண்டுபிடிக்கலைன்னாலும் பரவாயில்லைன்னும் நினைச்சேன்" என்றான்.

சமையலறை வாசலில் அவன் மனைவி நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு நான் சொல்லிடுவேன்" என்றாள் புழுக்கா. "அந்த அம்மா வாளியைக் கழுவிக் கழுவிச் சாகுது. என்னால பாக்க முடியல."

"சொல்லு" என்றான் அவன். கோபமாகக்கூட இல்லை.

அவள் சொன்னாள். பொறுப்பாளர் நகர அலுவலகத்துக்கு எழுதினார், கூடவே இலைப் பரிசோதனை முடிவையும் வைத்தார். மேற்பார்வையாளரிடம் விசாரித்தபோது, தான் அப்படி ஒரு உத்தரவே கொடுக்கவில்லை, பையன் இடம் தெரியாமல் அடித்துவிட்டான் என்றார். புழு மருந்து கலந்ததும் அவனாகச் செய்தது என்றார். கூட இருந்து சிரித்தவர்கள் யாருக்கும் அன்று காலை என்ன பேச்சு நடந்தது என்று ஞாபகம் வரவில்லை. பத்து நாளில் தம்பியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

புழுக்கா அந்த அலுவலகத்துக்கு மறுபடியும் போகக் கிளம்பினாள். தம்பி மனைவி வழியை மறித்தாள்.

"அண்ணி, போதும். நீங்க ஒரு தடவை போனதுக்கே இங்க வந்து நிக்கிறோம்."

அவள் கெட்டவள் இல்லை. அதற்கு முன் ஒரு வார்த்தை கடிந்து பேசியவளும் இல்லை. அதனால்தான் அது புழுக்காவுக்கு நெஞ்சில் தைத்தது. அந்த மாதக் கடைசியில் அவர்கள் நகரத்தின் மறுகோடியில், தம்பி மனைவியின் பிறந்த வீட்டுப் பக்கம், இரண்டு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். பாத்திரங்களைப் பிரித்துக் கட்டும்போது எது யாருடையது என்று ஒரு சண்டையும் இல்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் மொட்டுகள் நீண்டுகொண்டே வந்தன. செடிக்கு என்ன தெரியும்? புழுக்காவிடம் மண்ணுக்குள் இருந்த அந்தப் பதினான்கு மட்டும். செம்மண் நிறக் கூட்டுப்புழுக்கள். ஒவ்வொன்றின் முன்பக்கமும் குடத்தின் கைப்பிடி மாதிரி ஒரு வளைவு. நாக்கு உருவாவது அதற்குள்தான். முன்பெல்லாம் தினமும் எடுத்துப் பார்ப்பவள் இப்போது தொடவே பயந்தாள். கைக்கு ஏதாவது ராசி போய்விட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். மண் காயாமல் பஞ்சில் நனைத்து நனைத்துப் பிழிந்தாள்.

பதினான்கில் ஆறு வெளியே வந்தன. ஒன்றின் சிறகு விரியவே இல்லை. கசங்கிய காகிதம் போல அப்படியே காய்ந்துவிட்டது. மிச்சம் ஐந்து. மற்ற எட்டும் மண்ணுக்குள்ளேயே அழுகிவிட்டன. ஏனென்று யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு செடிகளும் சேர்ந்து பூத்தது நான்கே நாள்தான். முதல் நாள் பொழுது சாயும்போது பொறுப்பாளரும் இவளும் மட்டும் மூன்றாம் கண்ணாடி வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். வெளிச்சத்தில் பூச்சி மிரளாதிருக்க டார்ச் முகப்பில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். பூ விரிவது கண்ணுக்குத் தெரியாது; மொட்டாக இருக்கும், வேறெங்கோ பார்த்துவிட்டுத் திரும்பினால் பூவாக இருக்கும். வாசம் கனமாக இறங்கியது. கூண்டைத் திறந்துவிட்டார்கள். ஐந்தும் கண்ணாடிக் கூரையில் போய் மோதிக்கொண்டு கிடந்தன. ஒன்றுகூடப் பூப் பக்கம் வரவில்லை. இரண்டாம் நாளும் அப்படித்தான். மறுநாள் காலை இரண்டு தரையில் செத்துக் கிடந்தன.

மூன்றாம் நாள் ஒன்று இறங்கி வந்தது. முதல் செடியின் கீழ்க்கிளைப் பூவின் முன்னால் நின்றது. சிறகு தெரியவில்லை, அந்த இடத்தில் காற்று மட்டும் கலங்கியது. நாக்கு மெல்ல நீண்டு குழலுக்குள் போனது. புழுக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். பூச்சி இன்னொரு பூவுக்குப் போனது, பிறகு மேலே. பிறகு வெகுநேரம் கழித்து இரண்டாவது செடிக்கு. அங்கே ஒரே ஒரு பூவில் குடித்தது. அவ்வளவுதான். நான்காம் நாள் எதுவும் நடக்கவில்லை.

முப்பது பூவில் ஒரு காய் பிடித்தது.

கழுவும் அம்மாவிடம் பொறுப்பாளரே நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்ப வளர்ப்பு அறைக்கு வரச் சொன்னார். அவர் வரவில்லை. "இங்க நான் என்ன கழுவினாலும் யாரும் சாகமாட்டாங்க. இதுவே நிம்மதியா இருக்கும்மா" என்றார். புழுக்கா பல தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார், வரமாட்டார். அந்த இரண்டு நாள் இவள் வாயை மூடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று இவளுக்குத் தெரியவே இல்லை. கேட்கவும் துணிச்சல் வரவில்லை.

தோட்டத்துக்குள்ளேயே கொடி வளர்க்க வேண்டும் என்று புழுக்கா ஒற்றைக் காலில் நின்றாள். கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த இடத்தைக் காட்டி, "வெளியில எவன் எப்ப மருந்து அடிப்பான்னு நான் காவல் நிக்க முடியாது மேடம். இது களை இல்லை. நம்ம பூவுக்கு இதுதான் வேர்" என்றாள். பொறுப்பாளர் ஒப்புக்கொண்டார். மண்வெட்டி பிடித்து அவளே பாத்தி போட்டாள். கொடிக்கு யாரும் உரம் போட வேண்டியிருக்கவில்லை. மூன்று மாதத்தில் வேலியைத் தாண்டிவிட்டது.

காய் முற்றி வெடித்தபோது உள்ளே ஏழு விதை இருந்தது. அன்று வேலை முடிந்ததும் அவள் இரண்டு பஸ் மாறித் தம்பி வீட்டுக்குப் போனாள். முன்பு இரண்டு தடவை போயிருக்கிறாள். இரண்டு தடவையும் அவன் வீட்டில் இல்லை என்றார்கள். இந்த முறை கதவைத் திறந்தது அவனே. ஒரு மரச்சாமான் கடையில் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். இருமல் குறைந்திருந்தது, நிற்கவில்லை.

வாசலிலேயே நின்றபடி, "காய் பிடிச்சுது. ஏழு விதை" என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"முளைக்குமா?" என்றான்.

"தெரியலடா."

"சாப்ட்டியா?"

"இல்லை."

அவன் விலகி வழிவிட்டான். உள்ளே தம்பி மனைவி தட்டு எடுத்து வைத்தாள். மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பஸ் நேரத்தைப் பற்றியும் அந்தத் தெருவில் தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றியும் பேசினார்கள். கால்வாய்க்கரையைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதன்பிறகும் பேசியதில்லை. அவர்கள் திரும்பவும் அந்த வீட்டுக்கு வரவும் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு பஸ் மாறி, இவள்தான் போய்வருகிறாள்.

ஏழு விதையில் நான்கு முளைத்தன. இரண்டு முதல் மழைக்காலத்திலேயே அழுகிப்போயின. மிச்சம் இரண்டும் இப்போது முழங்கால் உயரம். பூக்க இன்னும் ஆறு வருடமாவது ஆகும் என்கிறார் பொறுப்பாளர். புழுக்காவுக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம்தான் இருக்கிறது.